50,000 ரூபாய்க்குள் முதல் கேமிங் கம்ப்யூட்டர்: எதை வாங்குவது, டிஸ்ப்ளே வராவிட்டால் எங்கே பார்ப்பது

தஞ்சாவூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பகுதி நேர வேலையில் சேர்த்த 50,000 ரூபாய் கையில் இருக்கிறது, மானிட்டர் வீட்டில் உண்டு. வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 மூன்றும் நன்றாக ஓட வேண்டும். ஆன்லைனில் ‘ஐ7 கேமிங் பிசி’ என்று 20,000 ரூபாய்க்கே விற்கிறார்களே, அதை வாங்கிவிடலாமா? இல்லை, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே அசெம்பிள் செய்யலாமா? எல்லாம் மாட்டி முடித்த பிறகு டிஸ்ப்ளே வரவில்லை என்றால் என்ன செய்வது?

தம்பி, நீங்களே அசெம்பிள் செய்யுங்கள். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் ஒரு மதியப் பொழுதும் போதும். முதல் முறை செய்பவர்களுக்கு வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை பொருள் கெட்டதால் வருவதில்லை. ஏதோ ஒன்று முழுதாக உட்காராததால் வருபவை. அதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில் அந்த 20,000 ரூபாய் ஐ7. அது எந்தத் தலைமுறை ஐ7 என்று விளம்பரத்தில் தேடிப் பாருங்கள். அநேகமாக ஐ7-2600 அல்லது ஐ7-3770 ஆக இருக்கும். முன்னது 2011-இல் வந்தது, பின்னது 2012-இல். அலுவலகங்கள் கழித்துப் போட்ட பிராசஸரை எச்61 என்ற பழைய மதர்போர்டில் போட்டு, கூடவே ஜிடி 730 என்ற கார்டைச் செருகி, கண்ணாடிக் கதவும் கலர் லைட்டும் உள்ள கேபினெட்டில் வைத்து விற்கிறார்கள். ஜிடி 730, 2014-இல் வந்த கார்டு. அதில் 4 ஜிபி என்று எழுதியிருப்பார்கள். அந்த மெமரி தொட்டி, அதன் வேகம் குழாய். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன, குழாய் சின்னதாக இருந்தால் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் நிபந்தனை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நீங்கள் உழைத்துச் சேர்த்த காசு, அதில் போட வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? விலை வாராவாரம் மாறுகிறது. அதிலும் 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றம் பலருடைய கணக்கைக் கலைத்துவிட்டது. அதனால் ரூபாயை விட்டுப் பங்காகச் சொல்கிறேன். மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கு. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பிராசஸருக்கும் போர்டுக்கும் சேர்த்து. மீதியில் ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளை), கடைசியாகக் கேபினெட். எங்கேயாவது குறைக்க வேண்டும் என்றால் கேபினெட்டில் குறையுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள்.

உங்கள் மூன்று விளையாட்டுக்கும் 1080பி திரைக்கும் ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸரும் ஆர்எக்ஸ் 6600 கார்டும் நல்ல ஜோடி. 5600-இல் 6 கோர், 12 த்ரெட். 6600-இல் 8 ஜிபி மெமரி, 132 வாட்ஸ்தான் இழுக்கும். ராம் விலையால் கணக்கு இடித்தால் பிராசஸரை இன்டெல் ஐ3-12100எஃப்-க்கு இறக்கலாம். 4 கோர்தான், ஆனாலும் இந்த விளையாட்டுகளுக்குத் தாங்கும். ஏஎம்டியின் அடுத்த தலைமுறையான ஏஎம்5 போர்டில் புதிய வகையான டிடிஆர்5 ராம் மட்டும்தான் போட முடியும் என்பதால் இந்த பட்ஜெட்டில் அதைத் தொடச் சொல்ல மாட்டேன்.

பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் ஏமாறும் இடங்கள் சில உண்டு. 5600 வேறு, 5600ஜி வேறு. ஜி உள்ளதில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும், ஆனால் எல்3 கேஷ் எனும் பிராசஸருக்குள் உள்ள வேகமான மெமரி 32 எம்பிக்குப் பதில் 16 எம்பிதான். இப்போது கார்டுக்குக் காசு இல்லை, ஆறு மாதம் கழித்துத்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு 5600ஜி நல்ல வழி. கார்டோடு சேர்த்தே வாங்குகிறீர்கள் என்றால் 5600-தான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும். 4 ஜிபி, போர்டோடு பேசுவதற்கு 4 லேன்தான் (டேட்டா போகும் பாதை). 5600ஜி பிராசஸரிலோ பி450 என்ற பழைய போர்டிலோ அந்தப் பாதைக்கு பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை வேகம்தான் கிடைக்கும் என்பதால் அங்கே அதைப் போட்டால் இன்னும் தடுமாறும். வீடியோ பதிவுக்கான என்கோடரும் அதில் இல்லை. ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி, 8 ஜிபி என இரண்டு வகை. இரண்டும் ஒன்றுதான் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம், 6 ஜிபி வகை மெதுவானது.

பழைய கார்டு வாங்கலாமா என்றும் யோசிப்பீர்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறி, கார்டு வைத்து அதை ஈட்டும் மைனிங் நின்றுபோனதும், நாள் முழுக்க ஓடித் தேய்ந்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். கண் முன்னால் அரை மணி நேரம் விளையாட்டு ஓட்டிக் காட்டினால், ஜிபியு-இசட் மென்பொருளில் ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் அலகுகள்) எண்ணிக்கையைச் சரிபார்த்து வாங்கலாம். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி 2048 ஷேடர் உள்ளதைக் கொடுப்பார்கள். உண்மையான 580-இல் 2304.

இப்போது எஸ்எம்பிஎஸ். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பட்டிருக்கிறேன். என் சித்தப்பா மகனின் கம்ப்யூட்டர், விளையாட்டு தொடங்கிய பத்தாவது நிமிடம் ரீஸ்டார்ட் ஆகும். இரண்டு முறை விண்டோஸ் ஃபார்மேட் செய்தான். கார்டு போய்விட்டது என்று நம்பி அதைப் பாதி விலைக்கு விற்றான். புதுக் கார்டிலும் அதே பத்தாவது நிமிடம். எனக்கு அவன் போன் செய்தது அதற்குப் பிறகுதான். எஸ்எம்பிஎஸ் அட்டைப் பெட்டியில் 500 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பார்க்கச் சொன்னேன். 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்ஸ். கார்டும் பிராசஸரும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆர்எக்ஸ் 6600-க்கு 132, ரைசன் 5600 முழு வேகத்தில் 76, ஆக 208. மெஷின் எப்படி நிற்கும்? ஒழுங்கான 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 45 ஆம்பியரை ஒட்டி இருக்கும். கடையில் நின்றபடியே அந்த ஸ்டிக்கரைப் படித்துப் பெருக்கிப் பாருங்கள். 80 பிளஸ் என்ற முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அது பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. கார்டுக்கான 6+2 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். ‘மாற்றி’ போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் ஒரு சின்ன ஒயரை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உருகிப்போன அடாப்டரைப் பார்த்திருக்கிறேன்.

கூடவே வீட்டு பிளக் பாயிண்டையும் பார்த்துவிடுங்கள். கேபினெட்டின் ஸ்க்ரூவைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் கேபினெட்டோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட்டில் ஏறக்குறைய பாதி வோல்டேஜ், 115 வரை, நின்றுகொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ளே ஏதாவது பழுதானால் உங்களைக் காக்க வேறு எதுவும் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது பின்னை வெட்டி எறிவது, இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் மாட்டுவது, இரண்டும் கூடாது.

யுபிஎஸ் வாங்கினால் 600 விஏ என்பது பொதுவாக 360 வாட்ஸ். கரண்ட் போனதும் சேவ் செய்து அணைக்க அது போதும், தொடர்ந்து விளையாட அல்ல.

வாங்குவதற்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வந்தால் நாலு கடை விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள். பில் இல்லை என்றால் வாரன்டிக்கு நிற்கும்போது உங்கள் பக்கம் ஒன்றுமே இருக்காது. பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். பி450 போர்டு எடுத்தால், போர்டை எழுப்பும் மென்பொருளான பயாஸைப் பற்றி ‘5000 சீரிஸுக்கு பயாஸ் அப்டேட் ஆனதா’ என்று கேட்டு, கடையிலேயே அப்டேட் செய்து வாங்குங்கள். இதைக் கேட்காமல் வந்தவர்கள்தான் வீட்டில் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம், வீட்டில் இருக்கிறது என்று சொன்ன மானிட்டரின் பின்பக்கம் பாருங்கள். நீல நிற விஜிஏ மட்டும்தான் என்றால், ஆர்எக்ஸ் 6600-இல் விஜிஏ கிடையாது. ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றும் பட்டியலில் சேரும்.

அசெம்பிள் செய்யும் நாள். போர்டு வந்த அட்டைப் பெட்டியையே மேசையாக வைத்து, அதன் மேல் போர்டை வையுங்கள். எல்லாவற்றையும் கேபினெட்டுக்குள் போடுவதற்கு முன் வெளியிலேயே ஒருமுறை டிஸ்ப்ளே வரவைத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். பிறகு ஏதாவது தகராறு வந்தால் கேபினெட்டில் போட்டதில்தான் தவறு என்று தெரிந்துவிடும்.

ரைசன் 5600-இன் பின்கள் பிராசஸரிலேயே இருக்கின்றன. மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால் தன் எடையிலேயே உட்காரும். அழுத்தவே கூடாது. இன்டெலில் பின்கள் போர்டுப் பக்கம், அங்கே விரல் படக்கூடாது.

ரைசனோடு வரும் கூலரைப் பொருத்தும்போது பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. போர்டில் சாக்கெட்டின் இரு பக்கமும் கருப்புப் பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கும். அவற்றின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்ற வேண்டும். கழற்றியதும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் உலோகத் தகடு பொத்தென்று விழுந்துவிடும். அதுதான் கூலரின் ஸ்க்ரூ ஏறும் தகடு. போர்டைக் கையில் எடுத்து, பின்னாலிருந்து ஒரு கையால் தகட்டைத் தாங்கிக்கொண்டு, கூலரின் நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டு சுற்றாக ஏற்றுங்கள். ஒரே மூலையை முழுதும் இறுக்கினால் கூலர் சாய்ந்துவிடும், மறுமூலை பிடிக்காது. கூலரின் அடியில் தெர்மல் பேஸ்ட் தடவியே வரும், விரலால் தொடாதீர்கள். பின்னாளில் கூலரைக் கழற்றும்போது நேராக இழுக்காமல் இடமும் வலமும் லேசாகத் திருகி எடுங்கள். இழுத்தால் பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், பின் வளைந்துவிடும்.

போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் ராமைப் பிராசஸரிலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட்டில் போடுங்கள். 16 ஜிபி என்றால் 8 ஜிபி இரண்டாக வாங்குவது நல்லது, இரண்டு சேனலும் வேலை செய்யும். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப் இருக்கும். மறுமுனை அசையாது. கிளிப் பக்கம் ‘டக்’ என்று சத்தம் கேட்டதும் உட்கார்ந்துவிட்டது என்று விட்டுவிடுகிறோம். அசையாத முனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். குனிந்து, ராமின் தங்கக் கோடு எங்காவது தெரிகிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தெரிந்தால், தெரிகிற முனையைக் கட்டைவிரலால் பயப்படாமல் அழுத்துங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று, ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை. பதறாதீர்கள். முதல் ஆனில் ராமைப் பழக்கிக்கொள்ள மெஷின் நேரம் எடுக்கும், ஓரிரு முறை தானாக அணைந்து எரியவும் செய்யும். மூன்று நிமிடம் காத்திருங்கள். அப்போதும் இல்லையென்றால் நான் பார்க்கும் வரிசை இது. மானிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது? 5600-லும் 12100எஃப்-லும் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, கேபிள் போர்டில் மாட்டியிருந்தால் எந்தக் காலத்திலும் படம் வராது. கார்டில் மாட்ட வேண்டும். அடுத்து, போர்டின் மேல் இடது மூலையில் பிராசஸருக்கான 8 பின். 24 பின் பெரிதாக இருப்பதால் அதை எல்லோரும் மாட்டிவிடுகிறார்கள், இந்தச் சின்னது கூலருக்குப் பின்னால் மறைந்து விட்டுப்போகும். அது இல்லாமலும் ஃபேன் சுற்றும், அதனால்தான் ஏமாறுகிறோம். பிறகு கார்டுக்கான 8 பின். பிறகு ராம்: இரண்டையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் 2-ஆவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், அடுத்து மற்றதை.

இப்போதைய போர்டுகள் பலவற்றின் ஓரத்தில் நான்கு குட்டி எல்இடிகள் இருக்கும், அருகே சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பொடி எழுத்தில். எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கேதான் மெஷின் மாட்டிக்கொண்டிருக்கிறது. டிராமில் நின்றால் ராம் உட்காரவில்லை. சிபியுவில் நின்றால் 8 பின், பழைய பயாஸ், வளைந்த பின் என்ற வரிசையில் பாருங்கள். பூட்டில் நின்றால் கவலையே இல்லை, இன்னும் விண்டோஸ் போடவில்லை என்பதுதான் சேதி. எதற்கும் அசையவில்லை என்றால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, போர்டிலுள்ள காசு வடிவப் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துத் திரும்பப் போடுங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பயாஸ்தான் பழசு என்று சந்தேகம் இருந்து, போர்டின் பின்னால் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால், பிராசஸர் வேலை செய்யாமலேயே பென் டிரைவ் மூலம் அப்டேட் செய்யலாம். பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும், கோப்பின் பெயரைப் போர்டின் கையேட்டில் சொன்னபடி மாற்ற வேண்டும். வெளியில் டிஸ்ப்ளே வந்து கேபினெட்டுக்குள் வரவில்லை என்றால், போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில், போர்டைத் தாங்கும் பித்தளைத் தூண் ஒன்று இருந்து ஷார்ட் ஆகிறதா என்று பாருங்கள். பவர் பட்டனுக்கே அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சுவிட்ச், இல்லை முன்பக்கப் பட்டனின் இரண்டு சின்ன ஒயர்கள் தவறான பின்னில்.

டிஸ்ப்ளே வந்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் தெரியும். வேலரண்ட்டில் ஏமாற்றுபவர்களைத் தடுக்கும் வேன்கார்ட் மென்பொருள், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். எனவே விண்டோஸ் போடுவதற்கு முன்பே பயாஸில் எஃப்டிபிஎம்-ஐ (பிராசஸரோடு வரும் டிபிஎம்) ஆன் செய்து, சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறையை அணைத்து, டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய முறையிலேயே ஃபார்மேட் செய்துவிடுங்கள். பிறகு மாற்றுவது வீண் அலைச்சல். மானிட்டர் 144 ஹெர்ட்ஸாக இருந்தாலும் விண்டோஸ் 60-இல் வைத்திருக்கலாம், டிஸ்ப்ளே செட்டிங்கில் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

விளையாடும்போது தொங்கினால் முதலில் சூட்டைப் பாருங்கள், ஹெச்டபிள்யுஇன்ஃபோ என்ற மென்பொருள் போதும். 5600-இன் உச்சவரம்பு 90 டிகிரி. சித்திரை வெயிலில் மாடி அறையில் 75, 80 வந்தால் பயப்பட வேண்டாம். விளையாட்டு தொடங்கிய நிமிடத்திலேயே 90-ஐத் தொட்டால் கூலர் சாய்ந்திருக்கிறது. தனியாக வாங்கிய கூலர் என்றால் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருப்பீர்கள். நீலத் திரை வெவ்வேறு காரணம் சொல்லி வந்துகொண்டே இருந்தால் எக்ஸ்எம்பி-யை அணைத்து ஒரு நாள் பாருங்கள், இரவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட விடுங்கள். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ராமை வாரன்டிக்குக் கொடுங்கள். நீலத் திரையே வராமல் பட்டென்று அணைந்து எழுந்தால் சந்தேகம் முதலில் எஸ்எம்பிஎஸ் மேல். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் (ஈவன்ட் வியூவர்) கெர்னல் பவர் 41 என்று இருக்கும். அதைப் பார்த்து எதுவும் முடிவு செய்யாதீர்கள், திடீரென்று அணைந்தது என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்வதில்லை. நண்பரின் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு மாலைக்கு இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. என் சித்தப்பா மகன் கார்டை விற்பதற்கு முன் அதைச் செய்திருக்க வேண்டும்.

எதைச் சோதித்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்போதும் பிடிபடவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். போர்டின் முழுப் பெயர், எந்த எல்இடி எரிகிறது, எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரின் ஒரு போட்டோ, இந்த மூன்றும் கட்டாயம் இருக்கட்டும்.